ஞாயிற்றுக்கிழமைதானே சார்!

வருடா வருடம் வாட்ஸ்அப்பில் ‘ஹேப்பி குட் ஃப்ரைடே’ அனுப்புகிற புண்ணியவான்களுக்கு முதலில் ஒரு வேண்டுகோள். அது ஏசுவைச் சிலுவையில் அறைந்த நாள். துக்க வீட்டில் போய் வாழ்த்துச் சொல்லாதீர்கள். வாழ்த்த வேண்டியது ஈஸ்டர் அன்று. அதுதான் நமக்கு ஞாபகம் இருப்பதில்லை. புனித வெள்ளிக்கு லீவு உண்டு. ஈஸ்டரோ எப்போதும் ஞாயிறு. தனியாக லீவு தராத பண்டிகை நம் கணக்கில் பண்டிகையே இல்லை!

‘ஞாயிறு எப்படியும் லீவுதானே சார்?’ என்பீர்கள். அதை ஓசூர் சிப்காட்டில் போய்க் கேளுங்கள். மூன்று ஷிஃப்ட் ஓடும் ஆலையில் வார விடுமுறை ஞாயிறன்றுதான் வரும் என்று என்ன நிச்சயம்? தமிழ்நாட்டின் 1958-ம் வருடச் சட்டப்படி, நான்கு தேசிய விடுமுறைகள் போக, பண்டிகைகளுக்கு ஐந்து நாள். பொங்கல், ஆயுத பூஜை, தீபாவளி போக மிச்சத்தைப் பிரிக்கும்போது ஈஸ்டரின் பெயர் யார் வாயில் வரும்?

ஈஸ்டரின் உயிர் சனிக்கிழமை ராத்திரியில் இருக்கிறது. கத்தோலிக்க சர்ச்சில் விளக்குகளை அணைத்துவிட்டு, வெளியே நெருப்பு மூட்டி, அதில் பாஸ்காத் திரியை ஏற்றி உள்ளே கொண்டு வருவார்கள். அந்த ஒரு திரியிலிருந்து எல்லார் கையிலும் மெழுகுவர்த்தி எரியும். சாம்பல் புதனிலிருந்து கறி தின்னாமல் நாற்பது நாள் தவமிருப்பது இந்த ராத்திரிக்காகத்தான். நைட் ஷிஃப்ட்டில் மெஷின் முன்னால் நிற்கிறவர் இதை எந்த நாளில் ஈடுகட்டுவார்?

தனியாரை மட்டும் சொல்வானேன்? 2024-ல் ஈஸ்டர் மார்ச் 31 அன்று வந்தது. அரசுக் கணக்கு பார்க்கும் வங்கிக் கிளைகளை அன்று திறந்து வைக்கச் சொன்னது ரிசர்வ் வங்கி. வருமான வரி அலுவலகங்களுக்குப் புனித வெள்ளி முதல் மூன்று நாளும் வேலை. நானும் பி.காம். படித்தவன்தான்; வருடக் கடைசி அவசரம் தெரியும். தீபாவளி அன்று வந்திருந்தால் இவ்வளவு சுலபமாகச் சுற்றறிக்கை போயிருக்குமா? அதே வருடம் மணிப்பூரில் ஈஸ்டர் ஞாயிறை வேலை நாளாக்கிய உத்தரவு, எதிர்ப்பு கிளம்பியதும் மாற்றப்பட்டது. வாய் திறந்தால்தான் கிடைக்கிறது.

வாய் திறக்க முடியாதவர்களும் ஓசூரில் இருக்கிறார்கள். ஜார்க்கண்டிலிருந்து பழங்குடிப் பெண்கள் இங்கே ஆலை வேலைக்கு வருகிறார்கள். ராஞ்சிப் பக்கம் கிறிஸ்தவ மிஷனரிகள் வந்தது 1845-ல். அங்கே ஈஸ்டர் விடியற்காலையில் கல்லறைக்குப் போய், செத்துப்போனவர்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபம் செய்வார்கள். அந்த ஊர்ப் பெண்ணுக்கு இங்கே இருப்பது ஹாஸ்டல் கட்டிலும் கம்பெனி பஸ்ஸும்தான். பாஷை தெரியாத ஊரில் யாரிடம் போய்க் கேட்பாள்?

சர்ச்சுகளுக்கும் ஒரு குட்டு. உங்கள் கணக்கில் ஈஸ்டர் ஒரு நாள் இல்லை. பெந்தெகொஸ்தே வரை ஐம்பது நாள். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்காக ஞாயிறு சாயங்காலம் ஒரு ஆராதனை, இந்தியில் ஒரு பூசை என்று நேரத்தை நீங்களும் கொஞ்சம் வளைக்கலாமே?

நான் ஆறாவது லீவு கேட்கவில்லை. பத்து நாள் முன்னால் நோட்டீஸ் போர்டில் ஒரு காகிதம் ஒட்டுங்கள். சனி ராத்திரியும் ஞாயிறு காலையும் ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள வேண்டியவர் பெயர் எழுதட்டும். இன்று அவருக்காக முருகேசன் நிற்கட்டும். தீபாவளிக்கு முருகேசனுக்காக அவர் நிற்பார். ரம்ஜானுக்கு இரண்டு பேரும் நிற்கட்டும். உற்பத்தி குறையாது, முதலாளிக்குப் பைசா செலவில்லை, கணக்கும் டேலி ஆகும்.

ஒட்ட வேண்டியது ஒரே ஒரு காகிதம். அதற்குமா மனசில்லை?