பனைமரத்தைச் சற்று இறக்கி வையுங்கள்

ஓய்வூதியம் வரத் தொடங்கியதும் பழைய தூரிகையைத் திரும்பக் கையில் எடுப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஊரில் சித்திர வாத்தியாரிடம் கற்றதை, இங்கே முப்பது வருடம் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் உழைத்துவிட்டு, அறுபத்தைந்து வயதில் தொடர்கிறார்கள். அது பெரிய காரியம். ஆனால் அவர்களுடைய படங்கள் மண்டபத்தில் தொங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? "நல்ல பொழுதுபோக்கு, ஐயா" என்று தட்டிக்கொடுத்துவிட்டு வடைத் தட்டை நோக்கி நகர்கிறோம். ஒரு படத்தைப் பற்றி ஒரு கேள்வி கூடக் கேட்பதில்லை. இது மரியாதை அல்ல, அலட்சியம்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இதை எங்கே இருந்து வரைந்தீர்கள்? பனை வரிசை, கிடுகு வேலி, கடல்நீரேரி, அதன்மேல் செம்மஞ்சள் சூரியன். கைபேசியில் யாரோ அனுப்பிய புகைப்படத்தைப் பார்த்து, ஜன்னலே இல்லாத பேஸ்மென்டில் வரையப்பட்டவை பல. இவற்றை நிலக்காட்சி என்று என்னால் ஏற்க முடியவில்லை. நிலத்தின் முன்னால் போய் உட்காராதவர் நிலத்தை வரைவதில்லை, படத்தைப் பார்த்துப் படம் வரைகிறார்.

இந்த நாட்டின் நிலக்காட்சி மரபு எப்படித் தொடங்கியது என்று பாருங்கள். ரொம் தொம்சன் ரொறன்ரோவில் கிறிப் என்ற விளம்பர வடிவமைப்பு நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை செய்தவர். அல்கொன்குவின் காட்டுக்குள் போய், ஏறத்தாழ 21க்கு 27 சென்ரிமீற்றர் மரப்பலகைகளில், அங்கேயே இருந்து வரைந்தார். அந்தப் பலகைகள்தான் குளிர்காலத்தில் ரொறன்ரோவில் பெரிய ஓவியங்களாயின. 1917இல் கனூ ஏரியில் இறந்தபோது அவருக்கு வயது 39. அவருடைய நண்பர்கள் 1920இல் 'எழுவர் குழு' ஆனார்கள். அவர்களில் ஐவர் அதே கிறிப்பில் வேலை பார்த்தவர்கள். நமக்கும் இது அந்நியமல்ல. 1938இல் யாழ்ப்பாணத்தில் வின்சர் ஆர்ட் கிளப்பைத் தொடங்கிய எஸ். ஆர். கனகசபை, சித்திர வித்தியாதரிசியாக உத்தியோகம் பார்த்தவர். ஓவியம் இவர்கள் யாருக்கும் பொழுதுபோக்கு அல்ல.

நம் தபால் முகவரியில் இருக்கும் ஸ்காபரோ என்ற பெயரே புலம்பெயர்ந்த ஓர் ஓவியர் தந்தது. 1793இல் எலிசபெத் சிம்கோ, மேல் கனடா துணைநிலை ஆளுநரின் மனைவி, ஏரிக்கரையின் செங்குத்துப் பாறைகளைப் பார்த்தார். இங்கிலாந்தின் ஸ்காபரோ நினைவுக்கு வந்தது. அவருக்கும் ஊர் ஏக்கம்தான். ஆனாலும் அந்தப் பெண் எதிரே இருந்ததைப் பார்த்தார், இந்நாட்டின் ஆறுகளையும் கரைகளையும் நீர்வண்ணத்தில் வரைந்தார். நாமோ அதே கரையிலிருந்து பத்து நிமிடக் கார் தூரத்தில் இருந்துகொண்டு, அதை ஒருமுறையேனும் வரையாமல் இருக்கிறோம்.

இதில் நமக்கென்று ஒரு வேலை காத்திருக்கிறது. எழுவர் குழுவின் புகழ்பெற்ற காட்டு ஓவியங்களில் பெரும்பாலும் மனிதர் இல்லை. பாறை, பைன், ஏரி, அவ்வளவுதான். பூர்வகுடிகள் ஆயிரமாயிரம் ஆண்டுகள் வாழ்ந்த மண் வெறும் காடாகத் தெரிகிறது. ரூஜ் ஆற்றின் முகத்துவாரத்தருகே 17ஆம் நூற்றாண்டில் செனெக்கா மக்களின் ஊர் இருந்தது. வாழ்ந்த மண்ணை ஆளில்லாத மண் என்று காட்டுவதன் அரசியலை, குடியேற்றத் திட்டங்களைக் கண்ட நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மேலும், நம் திணை மரபில் நிலம் ஒருபோதும் தனியாக நிற்பதில்லை. பொழுது, மரம், பறவை, தொழில், பறை, பிரிவு எல்லாம் அதனுடன் வரும். ஆறாம் திணை பற்றிக் கட்டுரை எழுதவும் மேடையில் பேசவும் நம்மிடம் ஆட்கள் உண்டு. அதை வரைய ஆள் வேண்டும்.

"இழந்த ஊரை வரைய எங்களுக்கு உரிமை இல்லையா?" என்று கேட்பார்கள். நிச்சயம் உண்டு. அப்படியானால் உங்கள் ஊரையே வரையுங்கள்: கட்டு உடைந்த உங்கள் கிணறு, ஷெல் விழுந்த உங்கள் குசினி, வேலியில் நீங்கள் நுழைந்த பொட்டு. அது உங்களுக்கு மட்டுமே தெரியும். கலண்டர் பனை எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் அது யாருடைய ஊரும் இல்லை.

இங்கே பிறந்த பேரப்பிள்ளைகளுக்கு இதுதான் ஊர். அம்மப்பாவின் கண்ணுக்கு அவர்களின் ஊர் எப்படித் தெரிந்தது என்பதற்கு ஒரு படமாவது மிஞ்ச வேண்டாமா? மின்கோபுரங்களின் கீழே மீட்டர் உயரப் புல், மார்ச் மாதத்து அழுக்குப் பனி, ரூஜ் கரையில் தூண்டில் போடும் ஆள், பூங்காவில் கொத்துரொட்டி போடும் நம்மவர்கள். நாற்பதுகளில் இருக்கும் எனக்கு வார நாள் காலை என்பது கணினித் திரை. உங்களுக்கு அது வெளிச்சம். ஒரு மடக்குக் கதிரையை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போங்கள். அடுத்த கண்காட்சியில் நாங்களும் வடையை வைத்துவிட்டு, எங்கே இருந்து வரைந்தீர்கள் என்று கேட்கிறோம்.