எர்ணாவூர்க்காரர் எங்கே போய் எழுதுவது?

சென்னை திருவொற்றியூர் மண்டலத்து எர்ணாவூரில் கன்டெய்னர் யார்டிலும் கம்பெனி கான்ட்ராக்டிலும் உழைக்கும் இளைஞர்களிடம் படிப்பைப் பற்றிக் கேட்டால், "டென்த் ஃபெயிலு", "ஒன்பதாவதோட நின்னுட்டேன்" என்ற பதில்கள் காதில் விழும். படிக்க விருப்பமில்லை என்று இதற்குப் பொருள் கொள்வது அநியாயம். எங்கே விண்ணப்பிப்பது, எந்தப் பள்ளியில் எழுதுவது என்று சொல்ல ஆளில்லாமல் நின்றவர்கள் இவர்களில் ஏராளம்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழின் அருமை இவர்களுக்கு நன்றாகவே தெரியும். அது இல்லாமல் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுத முடியாது. கப்பல் மாலுமிப் பயிற்சியில் சேர முடியாது. வளைகுடா வேலைக்குப் போவதென்றால், பத்தாவது தேறாதவர் பொதுவாகக் குடியகல்வுத் துறையின் தனி அனுமதிக்கு அலைய வேண்டும். துறைமுகத்தை ஒட்டியே வாழ்பவனுக்குக் கப்பல் வேலை எட்டாமல் போவது எவ்வளவு பெரிய கொடுமை!

வழி இல்லாமல் இல்லை. தமிழக அரசுத் தேர்வுகள் இயக்ககம் தனித்தேர்வர்களைப் பத்தாம் வகுப்பு எழுத அனுமதிக்கிறது. எட்டாவது முடிக்காதவர்களுக்கும் தனித்தேர்வு உண்டு; பன்னிரண்டரை வயது நிறைந்திருந்தால் போதும். 1989-இல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு நடக்கிறது.

சிக்கலெல்லாம் நடைமுறையில்தான். அரசுத் தேர்வுகள் சேவை மையத்துக்கு நேரில் போய்த்தான் தனித்தேர்வர் விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் கிடைப்பது சில நாட்கள். அதுவும் அலுவலக நேரத்தில், ஞாயிற்றுக்கிழமை நீங்கலாக. தினக்கூலிக்காரருக்கு அது ஒரு நாள் சம்பளம். ஒரு சான்றிதழ் குறைந்தால் இரண்டு நாள் சம்பளம். அறிவியல் பாடத்தில் செய்முறைக்கு 25 மதிப்பெண்; அதில் 15 எடுத்தாக வேண்டும். செய்முறைப் பயிற்சிக்குப் பல மாதங்களுக்கு முன்பே பெயர் பதிந்து, ஒதுக்கிய பள்ளிக்குப் போய்வர வேண்டும். பகலெல்லாம் வெல்டிங் மிஷினோடு மல்லுக்கட்டுகிறவர், குவிலென்ஸின் குவியத் தொலைவைக் கண்டறியும் சோதனைக்கு ஷிப்டை விட்டு எப்படிப் போவார்? இத்தனையும் கடந்தாலும், தேர்வு மையம் எது என்பது நுழைவுச்சீட்டு கையில் கிடைத்த பிறகே தெரியும். எண்ணூர் விரைவுச் சாலையில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் காலை வேளையில், தொலைதூரப் பள்ளிக்கு நேரத்தோடு போய்ச் சேர்வதே ஒரு பரீட்சை.

இங்குள்ள சுனாமி குடியிருப்புகளையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2004 டிசம்பரில் வீடு இழந்து, கடலோரக் குப்பங்களிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. அன்று பத்து வயதாயிருந்த பிள்ளைகள் இன்று முப்பதைத் தாண்டிவிட்டார்கள். விண்ணப்பத்துக்கு வேண்டிய, அலையில் போன பள்ளி மாற்றுச் சான்றிதழுக்கு (டி.சி.) நகல் வாங்க, பழைய பள்ளியைத் தேடி அலைவது யார் வேலை? அரசின் வேலை என்பதே நம் உறுதியான கருத்து. போதாததற்கு, இப்பகுதியின் நிர்வாக எல்லையும் மாறியது: திருவொற்றியூரும் கத்திவாக்கமும் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. சென்னை மாவட்டத்தில் சேர்ந்ததோ 2018-இல். எல்லை மாற்றிய அரசு, எந்தக் கோப்பு எந்த அலுவலகத்தில் கிடைக்கும் என்பதையும் மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டாமா?

நாம் கேட்பது பெரிதல்ல. விண்ணப்பக் காலத்தில் திருவொற்றியூர் மண்டலத்துக்குள் ஒரு சேவை மையம் மாலையிலும் ஞாயிறிலும் இயங்கட்டும். செய்முறை வகுப்பை விடுமுறை நாளில் வைக்கட்டும். இந்த மண்டலத் தனித்தேர்வர்களுக்கு இந்த மண்டலத்திலேயே தேர்வு மையம் என்று விண்ணப்பிக்கும்போதே உறுதி சொல்லட்டும். இதற்குப் புதுச் சட்டமோ புதுக் கட்டடமோ வேண்டியதில்லை.

எழுத நினைக்கும் வாசகர்கள் அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். டி.சி. கைவசம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்; இல்லையென்றால் படித்த பள்ளியில் இப்போதே நகல் கேளுங்கள். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் முதலில் விசாரிக்க வேண்டியது செய்முறைப் பதிவு எப்போது என்பதைத்தான். அதைத் தவறவிட்டால், மற்ற பாடங்களில் தேறினாலும் அறிவியலுக்காக மறுபடி காத்திருக்க நேரும்.