விடுதியில் தங்காதது பிள்ளைகளின் குற்றமா?

மரக்காணம் உப்பளங்களை ஒட்டியும் கழுவெளி ஏரிக்கரையிலும் வாழும் இருளர் பழங்குடிப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்டால் பலரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: "விடுதி இருக்கிறது, சோறு இருக்கிறது, சலுகை இருக்கிறது. பிள்ளைகள்தான் தங்குவதில்லை, பெற்றோருக்கும் அக்கறையில்லை." இதில் ஒரு வாதம்கூட நிற்காது.

"விடுதி இருக்கிறது." எங்கே? பழங்குடியினருக்கான ஏகலைவா உண்டு உறைவிடப் பள்ளிக்கு மத்திய அரசு 2018இல் வகுத்த அளவுகோல், ஊராட்சி ஒன்றிய மக்களில் பாதிக்கு மேல் பழங்குடியினராகவும் குறைந்தது 20,000 பேராகவும் இருக்க வேண்டும் என்பது. ஏரிக்கரைகளில் சிறுசிறு குடியிருப்புகளாகச் சிதறி வாழும் இருளர் எந்தக் காலத்திலும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். பழங்குடியினர் உறைவிடப் பள்ளிகள் நிறைந்த கல்வராயன் மலையோ நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், 2019இல் பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது.

"பெற்றோருக்கு அக்கறையில்லை." வடகிழக்குப் பருவமழை இறங்கினால் உப்பள வேலை நின்றுவிடும். முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் குடும்பத்தோடு கிளம்புகிறார்கள். கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. முன்பணத்தின் பிடி இன்னும் விடவில்லை. விடுமுறைக்கு விடுதியை மூடினால் பிள்ளை போய்ச் சேரும் இடமும் சூளைதான். பள்ளி திறக்கும் நாளில், முன்பணம் கழியாத பெற்றோர் அவனைத் திரும்பக் கொண்டுவந்து விடுவது எப்படி?

"சலுகை இருக்கிறது." சலுகைக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியரே தருகிறார். பழங்குடியினரோ கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் வரை போக வேண்டும். பட்டாவும் பழைய ஆவணமும் இல்லாதவர்கள் அலையும் ஒவ்வொரு நாளும் கூலி போகிறது. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் இந்த ஒரு தாளுக்காகவே ஆண்டுக்கணக்கில் போராட நேர்ந்தது.

இன்னும் சிலர் சொல்வது: "அவர்களுக்குப் படிப்பு ஏறாது." 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு, பழங்குடியினருடையது 54. இது நம் பள்ளிகள் வாங்கிய மதிப்பெண். கூடலூர் வித்யோதயா பள்ளியில் பழங்குடி ஆசிரியர்களே பழங்குடிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறார்கள். தன் இனத்தார் ஒருவர் கரும்பலகை முன் நிற்கும் வகுப்பில் பிள்ளைக்கு அச்சம் விலகுகிறது.

வேறு சிலர் சொல்வது: "பெற்றோரிடமிருந்து பிரித்தால்தான் உருப்படுவார்கள்." கனடா இதைச் செய்து பார்த்தது. பூர்வகுடிப் பிள்ளைகளைப் பிடுங்கி உறைவிடப் பள்ளிகளில் அடைத்தது. 2008இல் அந்நாட்டுப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பள்ளி முறையைப் பண்பாட்டு இனப்படுகொலை என்று 2015இல் உண்மை ஆணையம் பதிவு செய்தது. குடும்பத்தோடு உறவு அறாத விடுதியே பிள்ளையைக் காக்கும்.

செய்ய வேண்டியவை தெளிவானவை. இடம்பெயரும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பருவகால விடுதி நடத்த ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வழி இருக்கிறது. அதை மரக்காணத்திலேயே திறக்க வேண்டும். விடுமுறையிலும் அதை மூடக்கூடாது. சமையலுக்கும் காப்பாளர் பணிக்கும் இருளர் பெண்களை அமர்த்த வேண்டும். வாரந்தோறும் பெற்றோரோடு பேசத் தொலைபேசியும், வந்து பார்க்கப் பேருந்துக் கட்டணமும் தர வேண்டும். சார் ஆட்சியர் குடியிருப்புக்கே வந்து சான்றிதழ் வழங்க வேண்டும். இவற்றைச் செய்து முடிக்காத வரை, அந்தப் பிள்ளைகளை 'ஓடிப்போனவர்கள்' என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.