ராஜாவும் சிப்பாயும் முதலில்
குகேஷ் உலகப் பட்டம் வென்றதிலிருந்து நம் ஜார்ஜ்டவுன் பிள்ளைகளுக்கும் சதுரங்க மோகம் பிடித்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் லெபோ பாசார் தெருக் கடை ஒன்றில் அன்று ஓர் அப்பா, கல்லாவுக்குப் பக்கத்தில் பலகையை விரித்து மகனுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் என்னை யோசிக்க வைத்தது: ராணியையும் மந்திரியையும் ஏவி நாலே நகர்த்தலில் ஆட்டத்தை முடிப்பது. எதிரே விவரம் தெரிந்த பிள்ளை உட்கார்ந்தால் அந்த வித்தை பலிக்காது; அவசரமாக வெளியே வந்த ராணிதான் அடிக்குப் பயந்து ஓட வேண்டியிருக்கும். 2024 டிசம்பரில், பக்கத்துச் சிங்கப்பூரில் குகேஷ் பட்டம் வென்ற அந்தக் கடைசி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். 55ஆவது நகர்த்தலில் அவருடைய எதிராளி டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். யானைகள் வெட்டுப்பட்டன, மந்திரிகளும் போயின, மிஞ்சியவை ராஜாக்களும் சில சிப்பாய்களும்தான். உலகப் பட்டமே அங்கேதான் முடிவானது. முன்னாள் உலக வெற்றியாளர் காபாபிளாங்காவும் இப்படிக் காய்கள் குறைந்த முடிவாட்டத்தைத்தான் முதலில் படிக்கச் சொன்னார். ஆகவே பெற்றோரே, இரண்டு ராஜாக்களையும் ஒரே ஒரு சிப்பாயையும் மட்டும் பலகையில் வையுங்கள். சிப்பாய் எட்டாம் வரிசையை எப்படி எட்டுகிறது, எதிரி ராஜா எங்கே நின்றால் அதைத் தடுக்க முடியும் என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். தானாகக் கண்டுபிடித்த பிள்ளை, தோற்றாலும் மறுநாள் பலகையைத் தேடி வரும்.