ஐந்து வாரச் சான்றும் ஆயுட்கால வலியும்

சர்க்கரை நோய் முற்றிய பாதத்தில் போர்வை பட்டாலே சுள்ளென்கிறது. அக்கி ஆறியும் சிலருக்கு மாதக்கணக்கில் எரிச்சல் அடங்குவதில்லை. கோளாறு நரம்பிலேயே இருப்பதால் சாதாரண வலி மாத்திரைகளுக்கு இந்த நரம்புவலி பெரும்பாலும் கட்டுப்படாது. டிரமடால், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு மருந்துகளின் பேச்சு எழுவது இங்கேதான். அவற்றைத் தொடங்கும் நாளிலேயே எப்போது நிறுத்திப் பார்ப்பது என்பதையும் மருத்துவர் முடிவுசெய்துவிட வேண்டும் என்பேன்.

இவை பலிக்காத மருந்துகள் அல்ல. 2005இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியான ஆய்வில், மார்ஃபினையும் கபாபென்டினையும் சேர்த்துக் கொடுத்தபோது, தனித்தனியே கொடுத்ததைவிடக் குறைந்த அளவிலேயே வலி நன்றாகத் தணிந்தது. ஆனால் ஒவ்வொரு சிகிச்சையும் நடந்தது 5 வாரம்தான். (இந்தச் சேர்க்கையில் மூச்சு மந்தமாகும் ஆபத்து இருப்பதும் பின்னாளில் தெளிவானது.) இத்துறை ஆய்வுகளில் பெரும்பாலானவை 12 வாரத்தைத் தாண்டுவதில்லை, நோயோ பல வருடம் நீள்கிறது. அந்த வருடங்களில் உடல் மருந்துக்குப் பழகி அளவு ஏறுகிறது, மலச்சிக்கல் வாட்டுகிறது, முதியவர்கள் தடுமாறி விழுகிறார்கள். சிலருக்கு மருந்தே வலியைக் கூட்டிவிடுகிறது. சர்வதேச வலி ஆய்வுச் சங்கத்தின் நரம்புவலிக் குழு 2015இல் அமிட்ரிப்டிலின், டுலோக்செட்டின், பிரீகாபலின் போன்றவற்றை முதல் வரிசையிலும், டிரமடாலை இரண்டாவதாகவும், மார்ஃபினை மூன்றாவதாகவும் வைத்ததில் நியாயம் இருக்கிறது.

புற்றுநோயாளிக்கே மார்ஃபின் எளிதில் கிடைக்காத இந்தியாவில் இவ்வளவு எச்சரிக்கை எதற்கு என்று கேட்கலாம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் உண்டாக்கிய அச்சம், 2014இல் திருத்தம் வந்த பிறகும் முழுதாக நீங்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் இறுதி நாட்களில் இருப்பவருக்கான கணக்கு, இன்னும் 30 வருடம் வாழப்போகும் சர்க்கரை நோயாளிக்குப் பொருந்தாது. அப்படியானால் அடியோடு தடுத்துவிடலாமே என்பார்கள் வேறு சிலர். அமெரிக்காவில் ஓபியாய்டு பரிந்துரைப்பதற்கான 2016இன் வழிகாட்டுதலைப் பலரும் கறாரான உச்சவரம்பாக எடுத்துக்கொண்டு, நெடுங்காலம் மருந்தில் இருந்தவர்களுக்கு அதைச் சட்டென்று வெட்டினார்கள். நோயாளிகள் அதில் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் 2022இன் திருத்தம் அப்படிச் செய்யக் கூடாது என்று எச்சரித்தது. முதல் வரிசை மருந்துகளைப் போதிய அளவில் கொடுத்துப் பார்த்தும் பயனில்லாதவருக்குக் குறைந்த அளவில் ஓபியாய்டு தொடங்கலாம். குறித்த தேதியில் தூக்கமும் நடையும் தேறவில்லையென்றால் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும். ஏற்கெனவே வருடக்கணக்கில் எடுத்துவருபவருக்கோ, குறைப்பதே மாதங்கள் பிடிக்கும் தனிச் சிகிச்சை. அதற்கு அவருடைய சம்மதமும் வேண்டும்.