டிராகனும் கணக்குப்பிள்ளைகளும்

டிராகன் எவ்வளவு ஆபத்தானது என்று கேட்டால் பதிலாக ஒரு எண் வருகிறது. 546. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில், 2014-ல், மூத்த சிவப்பு டிராகனுக்குக் கொடுக்கப்பட்ட உயிர்ப்புள்ளிகளின் தொகை அது. எண்ணைச் சொன்னதுமே விவாதம் முடிந்துவிட்ட நிம்மதி சொன்னவர் முகத்தில் தெரிகிறது. ஐந்து பேர் கொண்ட குழு, ஆளுக்குச் சுற்றுக்கு இவ்வளவு சேதம், ஆகவே நாலாவது சுற்றில் டிராகன் காலி. ஆபத்தாவது ஒன்றாவது, எல்லாம் பழைய பிரமை என்கிறார்கள். இந்தக் கூட்டல் கழித்தலோடு எனக்குத் தகராறு இல்லை. கூட்டிக் கழித்த மாத்திரத்தில் டிராகனைப் புரிந்துகொண்டாயிற்று என்று நினைக்கும் மனோபாவத்தோடுதான் தகராறு. கவிதையின் சீரையும் தளையையும் எண்ணி முடித்துவிட்டு, கவிதையைப் படித்தாயிற்று என்று எழுந்து போகிறவர்களை நமக்குத் தெரியும். அதே ஜாதிதான் இதுவும்.

விளையாட்டை அறியாதவர்களுக்கு நாலு வரி. ஒரு மேசை, சுற்றிலும் நாலைந்து பேர், பகடைகள். ஒருவர் உலகத்தை விவரிக்கிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி 'நான் இதைச் செய்கிறேன்' என்று சொல்கிறார்கள். நிச்சயமில்லாத இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்கிறது. 1974-ல் அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்து ஜெனீவா ஏரி என்ற சிற்றூரிலிருந்து, கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னஸன் என்ற இருவர் பெயரில் மூன்று சிறு புத்தகங்களாக இது வெளிவந்தது. அதற்கு முன்பே, 1971-ல், பொம்மைப் படைகளை வைத்து ஆடும் 'செயின்மெயில்' என்ற போர் விளையாட்டின் பின்னிணைப்பில் டிராகன் வந்துவிட்டது. அங்கே அது பலகைமேல் நகரும் ஒரு காய். இவ்வளவு தூரம் பறக்கும், இவ்வளவு தூரம் தீ உமிழும். பிறந்த வீட்டின் வாசனை இன்றும் அதை விட்டுப் போகவில்லை.

'அந்தக் காலத்து டிராகன்தான் டிராகன்' என்று பெருமூச்சு விடுகிற கோஷ்டி ஒன்று உண்டு. அவர்களையும் பார்த்துவிடலாம். 1977-ல் வந்த மான்ஸ்டர் மேனுவலில் மிகப் பெரிய சிவப்பு டிராகனுக்கே உச்சபட்சம் 88 புள்ளிதான். 2014-ன் எண்ணோடு ஒப்பிட்டால் அது ஒரு குஞ்சு. ஆனால் அதன் மூச்சு அதன் உயிர்ப்புள்ளி எத்தனையோ அத்தனை சேதம் செய்யும். பத்தாம் நிலை மந்திரவாதிக்கு அன்று சராசரி 25 புள்ளி. பகடை அவன் பக்கம் விழுந்து சேதம் பாதியானாலும் 44. ஆள் கரி. 2014-ல் அதே மூச்சு சராசரி 91 புள்ளி சேதம் செய்கிறது. ஆனால் அதன் எதிரே வந்து நிற்கும் பதினேழாம் நிலை வீரனுக்கு 150-க்கு மேல் புள்ளி. அவன் இருமிவிட்டு வாளை உருவுகிறான். விழுந்தாலும் சாவதற்கு மூன்று முறை பகடையில் தோற்றாக வேண்டும்; அதற்குள் பக்கத்தில் இருக்கிறவன் ஒரு வார்த்தை ஜபித்து எழுப்பிவிடுகிறான். டிராகன் ஆறு மடங்கு ஊதிவிட்டது, அதன் மூச்சோ யாரையும் கொல்வதில்லை. இந்த அளவுக்குப் பெருமூச்சுக் கோஷ்டி சொல்வது சரி.

ஆனால் அவர்கள் சொல்லாமல் விடுகிற பக்கம் ஒன்று அதே பழைய புத்தகங்களில் இருக்கிறது. டிராகனைக் கொல்லாமல், வாளின் தட்டைப் பக்கத்தால் அடித்துப் பணிய வைக்கலாம். பணிந்த டிராகனைச் சந்தையில் விற்கலாம். உயிர்ப்புள்ளிக்கு இத்தனை பொற்காசு என்று விலையும் போட்டிருந்தார்கள். பல்லைப் பிடித்துப் பார்த்து மாடு வாங்குவதுபோல. போதாததற்கு, நீங்கள் போகிற நேரத்தில் டிராகன் தூங்கிக்கொண்டிருக்க நூற்றுக்கு இத்தனை வாய்ப்பு என்றும் ஒரு கணக்கு. இதுதான் பொற்காலம் என்றால் அந்தப் பொன் எனக்கு வேண்டாம்.

பொன் என்றதும் நினைவுக்கு வருகிறது. பழைய விதிகளில் மெய்யாகவே ஆபத்தை உண்டாக்கியது வேறொன்று, அதைப் பற்றி இரண்டு கோஷ்டியும் பேசுவதில்லை. அன்று அனுபவப்புள்ளி பெரும்பாலும் புதையலுக்குத்தான் கிடைத்தது, ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி. டிராகனைக் கொன்றால் கிடைப்பது சொற்பம். ஆகவே புத்தியுள்ளவன் டிராகனோடு சண்டைக்குப் போகவில்லை. அது உறங்கும்போது போனான், பேச்சுக் கொடுத்தான், திருடினான், ஓடினான். ஓட வேண்டியிருக்கிறது என்ற அந்த ஸ்மரணையே டிராகனுக்கு ஒரு ஆகிருதியைக் கொடுத்தது. பின்னால் கொலைக்குக் கூலி என்று வழக்கம் மாறியதும், டிராகன் தவிர்க்க வேண்டிய ஒன்றாக இல்லாமல் கடைசி அத்தியாயத்தில் வெட்ட வேண்டிய ஒன்றாகிவிட்டது. அதன் மரணம் நிகழ்ச்சி நிரலில் முன்கூட்டியே அச்சாகிவிடுகிறது.

ஆட்டத்தை உருவாக்குகிறவர்களுக்கும் இது உறைக்காமல் இல்லை. ஐந்து பேர் ஐந்து முறை அடிக்கும்போது டிராகன் ஒரு முறைதான் அசைய முடிகிறது. ஒற்றை ஜந்துவின் துரதிர்ஷ்டம் இது. அதற்கு 2014-ல் ஒட்டுப்போட்டார்கள்: மற்றவர்கள் முறையிலும் வாலைச் சுழற்றலாம், சிறகை அடிக்கலாம், பகடையில் தோற்றாலும் நாளுக்கு மூன்று முறை 'இல்லை, ஜெயித்தேன்' என்று சொல்லிக்கொள்ளலாம். சாமர்த்தியமான ஒட்டுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். டிராகன் இன்னும் அதே இடத்தில், தரையில், அடி வாங்கிக்கொண்டு நிற்கிறது.

என் தகராறின் மையத்துக்கு வருகிறேன். 546 என்று அச்சிட்ட அதே பக்கத்தில் இன்னும் சில எண்கள் இருக்கின்றன. பறக்கும் வேகம் ஒரு சுற்றுக்கு 80 அடி. மனிதன் நடப்பது 30 அடி. ஒருமுறை தீ உமிழ்ந்தால் அடுத்த மூச்சு சேர ஒவ்வொரு சுற்றிலும் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. அறிவு 18. மனிதப் பாத்திரம் பாடுபட்டு எட்டக்கூடிய உச்சம் 20 என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தப் பதினெட்டைப் பாருங்கள். வயது 800-க்கு மேல். எண்ணூறு வருஷம் வாழ்ந்த, நம்மில் பலரைவிடப் புத்திசாலியான ஒரு பிராணி, தன்னைக் கொல்ல வந்தவர்களுக்கு நடுவில் இறங்கி நின்று நாலு சுற்று அடி வாங்கும் என்பதுதான் கணக்குப்பிள்ளைகளின் ஆதாரக் கற்பனை! தீயை உமிழ்ந்துவிட்டு மலைக்கு அப்பால் போகலாம். மூச்சு சேர்ந்ததும் திரும்பலாம். மூன்றாம் நாள் இரவு, கூடாரத்தில் காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது வரலாம். வராமலே இருந்து, தங்களுக்கு உணவு தந்த கிராமத்தைக் கொளுத்தலாம். இதில் எதற்கும் புது விதி தேவையில்லை, எல்லாம் அவர்கள் எண்ணுகிற பக்கத்திலேயே இருக்கிறது. 546-ஐ எண்ணத் தெரிந்தவர்களுக்கு 18-ஐப் படிக்கத் தெரியவில்லை.

டிராகன் என்ற ஜீவன் இந்த ஆட்டத்துக்கு வந்து சேர்ந்த வழியையும் பார்க்க வேண்டும். பழைய ஆங்கிலக் காவியமான பேயோவுல்ஃபில் கிழட்டு அரசன் டிராகனைக் கொல்கிறான், கொன்று தானும் சாகிறான். கூட வந்தவர்களில் ஒருவனைத் தவிர மற்றவர்கள் காட்டுக்குள் ஓடிவிடுகிறார்கள். அரசன் போனபின் அந்த இனத்துக்கு என்ன கதி என்ற பயம் காவியத்தின் கடைசிப் பகுதி முழுவதிலும் கவிகிறது. 1937-ல் வெளிவந்த டோல்கினின் 'தி ஹாபிட்'டில் ஸ்மாக் விழுவது ஒரே அம்பில். கணக்குப்படி பார்த்தால் ஸ்மாக் மிக அற்பமான டிராகன். ஆனால் அந்த அம்புக்கு முன்னால் ஒரு நகரமே எரிகிறது. அதற்கும் முன்னால், அது பேசுகிறது. பேச்சிலேயே பில்போவின் மனதில் தன் கூட்டாளிகளைப் பற்றிய சந்தேகத்தை விதைக்கிறது. அது செத்த பிறகோ, அதன் பொன்னுக்காக மலையடிவாரத்தில் படைகள் திரள்கின்றன. உயிரோடு இருந்ததைவிடச் செத்த டிராகன் அதிக ஆபத்தானது என்று சொல்லத் தோன்றுகிறது. இதற்கு எந்தப் பட்டியலில் எந்தப் புள்ளி?

பெயர் விஷயத்திலும் இதே அலட்சியம்தான். பாபிலோனியப் படைப்புக் காவியத்தில் ஆதிக் கடலாகவே விரிந்து கிடந்த தியாமத்தை எடுத்து, ஐந்து நிறத்தில் ஐந்து தலை ஒட்டி, 128 புள்ளி என்று 1977-ல் பதிவு செய்தார்கள். அரபு மரபில் பூமியைத் தாங்கும் பெருமீனான பஹமூத் இங்கே பிளாட்டின நிறத்து டிராகன். 1980-ல் வந்த தெய்வங்களின் தொகுப்பில் நம் இந்திரனுக்கும் அக்னிக்கும்கூடப் புள்ளி போட்டிருந்தார்கள். இதில் புண்பட எனக்கு ஒன்றுமில்லை, இந்திரன் இதைவிடக் கேவலங்களைப் புராணத்திலேயே தாங்கியிருக்கிறார். ஆனால் புள்ளி போட்ட மறுகணமே தெய்வத்தைக் கொல்லக் குழு கிளம்பிவிடும். கிளம்பவும் செய்தார்கள்.

எதிர்ச் சான்று இந்த விளையாட்டு மரபுக்குள்ளேயே இருக்கிறது. 1987 நவம்பரில் 'டிராகன்' பத்திரிகையின் 127-ஆம் இதழ்த் தலையங்கத்தில் ராஜர் மூர் தான் ஆடிய ஒரு ஆட்டத்தைப் பற்றி எழுதினார். கோபால்ட் என்பவை ஆட்டத்திலேயே அற்பமான குள்ள ஜந்துக்கள், ஒரு அடியில் விழும். டக்கர் என்பவர் நடத்திய சுரங்கத்திலோ அவை தீயும் புகையுமாய், சந்துகளிலும் ஓட்டைகளிலும் ஒளிந்து, உயர்நிலை வீரர்களை அலற அலறத் துரத்தின. சுரங்கத்தின் அடித்தளத்திலிருந்த பெரும் பிசாசுகளைவிட மேல்தளத்துக் குள்ளர்களுக்கே ஆட்டக்காரர்கள் நடுங்கினார்களாம். எண் மாறவில்லை, நடத்துகிறவரின் மூளைதான் மாறியது.

2012-ல் வெளிவந்த 'டஞ்சன் வோர்ல்ட்' இன்னும் துணிந்து போகிறது. அதில் டிராகனுக்கு 16 புள்ளி. ஆம், பதினாறு. கவசத்துக்கு ஒரு ஐந்து. ஆனால் அதன் கடி கைகால்களைப் பிய்த்தெறியும் என்பது அங்கே விதி. கத்தியை எடுத்துக்கொண்டு அருகில் போவதே சாத்தியமா என்பதை முதலில் கதை தீர்மானித்தாக வேண்டும். பகடை அதற்குப் பிறகுதான். அந்தப் பதினாறுக்கு முன்னால் நின்றவர்கள் ஐந்நூற்று நாற்பத்தாறுக்கு முன்னால் நின்றவர்களைவிட அதிகம் பயந்தார்கள். மேசையில் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

இதற்கு ஒரு கௌரவமான ஆட்சேபம் உண்டு. எண்ணை ஒதுக்கிவிட்டு நடத்துகிறவரின் கற்பனையை நம்பினால் அது எதேச்சாதிகாரத்தில் போய் முடியாதா? அவருக்கு அன்று வீட்டில் தலைவலி என்றால் நாமெல்லாரும் சாக வேண்டியதுதானா? நியாயமான கேள்வி. நடத்துகிறவரின் இஷ்டத்துக்குச் சாவதில் ஆபத்து இல்லை, வெறும் விபத்துதான் இருக்கிறது. ஆபத்து என்பது அறியக்கூடியதாக இருக்க வேண்டும். ஸ்மாக்கின் மார்பில் கவசமில்லாத இடத்தைப் பில்போ கண்ணால் பார்க்கிறான். முகஸ்துதியில் மயங்கி அதுவே மார்பைக் காட்டியதால் பார்க்கிறான். டிராகன் எங்கே தண்ணீர் குடிக்கிறது, எதை விரும்புகிறது, யாருடைய வார்த்தைக்கு மயங்குகிறது, எந்தக் காற்றில் பறக்காது என்பதையெல்லாம் ஆட்டக்காரன் கேட்டும் பார்த்தும் தெரிந்துகொள்ள முடிய வேண்டும். தெரிந்துகொண்டபின் நடத்துகிறவர் அதை மாற்றக் கூடாது. எண்ணைவிடக் கடுமையான விதி இது. கணக்குப்பிள்ளைகள் விதியின் பக்கம் நிற்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் நிற்பது விதிகளிலேயே மிகச் சுலபமான ஒன்றின் பக்கம்.

'வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு ஜெயிக்க வருகிறார்கள், அவர்களைப் போய் ஓடு என்பதா' என்றும் கேட்கிறார்கள். நான் ஆடிய மேசை ஒன்றில் டிராகன் எங்களைக் கொல்லவில்லை. மாதம் நூறு ஆடும், பள்ளத்தாக்கின் வரிப்பணத்தில் பாதியும் கேட்டது. நாங்கள் சம்மதித்தோம். அடுத்த ஆறு மாதம் ஒவ்வொரு அமர்விலும் அந்த ஆடுகளை யாரிடமிருந்து பிடுங்குவது என்று எங்களுக்குள் சண்டை. ஒரு விதவையின் மந்தையை ஓட்டி வந்த இரவு எங்களில் ஒருவர் பகடையை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனார், இரண்டு வாரம் வரவில்லை. கப்பம் கட்டியது சரிதான் என்று இன்றும் வாதாடுகிறவர் ஒருவர் உண்டு. அவரோடு நான் இன்னும் ஒத்துப்போகவில்லை. அந்த டிராகனுக்கு எத்தனை புள்ளி என்று யாரும் கேட்டதாக நினைவில்லை. இதைச் சொன்னால், 'அதில் சண்டையே இல்லையே' என்கிறார் கணக்குப்பிள்ளை நண்பர். இல்லைதான்.