புளியும் இரசாயனமே

தீபாவளிக்கு முந்திய வாரம். வீட்டின் பின்புறக் குழாயடியில் அமர்ந்து பாட்டி குத்துவிளக்கைப் புளியால் தேய்த்துக்கொண்டிருக்கிறார். குளியலறையில் மருமகள், தரை ஓடுகளின் கறையைப் போக்கப் பிளீச்சை ஊற்றிக்கொண்டிருக்கிறார். இவ்விருவரில் இரசாயனத்தைக் கையாள்பவர் யார் என்று கேட்டால், பெரும்பாலோர் சற்றும் தயங்காமல் மருமகளைச் சுட்டிக்காட்டுவர். பாட்டி செய்வது ‘இயற்கை முறை’. மருமகள் செய்வது ‘கெமிக்கல்’. இந்தப் பிரிவினை பல வீடுகளில் கேள்வியின்றி ஏற்கப்பட்டுவிட்டது. ஆனால், குழாயடியில் நடப்பதைச் சற்றுக் கூர்ந்து பார்த்தால் இப்பிரிவினை நிலைக்காது.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். காற்றும் ஈரமும் பட்டு அதன்மேல் செம்பு ஆக்சைடு கருமையாகப் படிகிறது. நாள்பட்டால் பச்சைக் களிம்பும் ஏறுகிறது. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் அந்தப் படிவைக் கரைத்து நீரோடு கொண்டுபோய்விடுகிறது. அதன்பின் பாட்டி சிறிது விபூதியைத் தொட்டு இன்னொரு முறை தேய்க்கிறார். விபூதி சாம்பல், சாம்பல் காரத்தன்மை உடையது. விளக்கின் இடுக்குகளில் தங்கியிருக்கும் அமிலத்தை அது சமன்செய்கிறது. அமிலம், காரம், சமன்பாடு என்று இடைநிலைப்பள்ளி ஆய்வுக்கூடத்தில் கற்பிக்கப்படும் பாடம் முழுவதும் அந்தக் குழாயடியில் நடந்து முடிந்துவிடுகிறது. அதற்குப் பெயர் மட்டும்தான் வைக்கப்படவில்லை.

மஞ்சளும் அப்படித்தான். மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பைச் சேர்த்ததும் அது சிவந்து ஆரத்தி நீராகிறது. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் என்னும் பொருள், காரத்தைச் சந்தித்தால் செந்நிறம் கொள்ளும். வெள்ளைப் பள்ளிச் சட்டையில் கறிக்குழம்பைச் சிந்திக்கொண்ட மாணவர்கள் பலர் இதை வேறு வகையில் அறிந்திருப்பர். சவர்க்காரம் பட்டவுடன் மஞ்சள் கறை திடீரெனச் சிவக்கும். நன்றாக அலசினால் மீண்டும் மஞ்சளாகும். கறை போகவில்லையே என்று அம்மா கவலைப்படும் அந்த நேரத்தில், சட்டை ஒரு காரச் சோதனைத் தாளாக வேலை செய்துகொண்டிருக்கிறது.

‘இரசாயனம்’ என்ற சொல்லுக்கு நேர்ந்த கதியும் வியப்புக்குரியதே. பழைய மருத்துவ நூல்களில் அது உடலை உரமாக்கி முதுமையைத் தள்ளிப்போடும் மருந்துகளைக் குறித்தது. இன்று அதே சொல் அச்சத்தைக் குறிக்கிறது. இதற்கு நேர்மாறான ஒன்றும் மலேசியத் தமிழர் பேச்சில் உண்டு. தோட்டப்புறங்களில் களைக்கொல்லி தெளிக்கும் வேலைக்கு ‘மருந்தடிப்பது’ என்று பெயர். உயிரைக் குடிக்கக்கூடிய நஞ்சு ‘மருந்து’ ஆயிற்று. சாப்பாட்டிலுள்ள அமிலம் ‘இரசாயனம்’ ஆயிற்று. சொற்கள் இப்படி இடம் மாறிப்போனால், கைகள் எதைக் கண்டு எச்சரிக்கை கொள்ளும்?

பேரங்காடியின் அடுக்கில் ‘இரசாயனம் கலவாதது’ என்று எழுதிய சவர்க்காரம் சில ரிங்கிட் கூடுதல் விலைக்கு விற்கப்படுவதைக் காணலாம். எண்ணெயுடன் சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா, வினைபுரிந்தால்தான் கட்டிச் சவர்க்காரம் உண்டாகும். தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரமும் இதற்கு விலக்கன்று. எந்தப் பொருளிலும் இரசாயனம் இல்லாமல் இராது. தண்ணீரே ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த சேர்மம். ஆகவே, அந்த எழுத்துகளுக்குப் பொருளே இல்லை. வாங்குபவரின் அச்சத்துக்கு ஒரு விலை வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த அச்சம் எங்கெல்லாம் தவறாகப் போகிறது என்பதற்கு அஜினோமோட்டோ நல்ல எடுத்துக்காட்டு. 1908ஆம் ஆண்டு தோக்கியோவில் கிகுனாய் இகேதா என்னும் பேராசிரியர், கொம்பு என்ற கடற்பாசிச் சாற்றின் சுவைக்குக் காரணம் குளுட்டமேட் என்பதைக் கண்டறிந்தார். அதன் உப்பு வடிவமே பின்னர் அப்பெயரில் விற்பனைக்கு வந்தது. 1968ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில், சீன உணவகத்தில் உண்டபின் பிடரியில் மரத்துப்போகும் உணர்வு ஏற்பட்டதாக ஒரு மருத்துவர் கடிதம் எழுதினார். சமையல் மது, உப்பு, குளுட்டமேட் ஆகிய மூன்றையும் அவர் ஐயுற்றார். உலகம் கடைசியாகச் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டது. பின்னர் நடந்த கட்டுப்பாடான சோதனைகளில், வழக்கமாக உணவில் சேரும் அளவில் இத்தகைய விளைவு உறுதிப்படவில்லை. தக்காளியிலும் நெத்திலியிலும் பெலாச்சானிலும் இருப்பதும் இதே குளுட்டமேட்தான். தாய்ப்பாலிலும் அது உண்டு. அஜினோமோட்டோவைத் தொடமாட்டேன் என்று சொல்லும் ஒருவர், அதே குழம்பில் உப்பை அள்ளிப் போட்டு, தொட்டுக்கொள்ளக் கருவாடும் வைத்துக்கொள்வதைப் பல வீடுகளில் பார்க்கலாம். இரத்த அழுத்தத்தை உயர்த்துவது சோடியம். சாதாரண உப்பில் உள்ள சோடியம், அதே எடையுள்ள அஜினோமோட்டோவில் உள்ளதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு.

இயற்கையாக விளைந்தது என்பதாலேயே ஒரு பொருள் தீங்கற்றது ஆகிவிடாது. இதை இந்நாட்டு மூத்தோர் பசியின் வழியாகக் கற்றார்கள். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கே பலருக்கு அன்றாட உணவாயிற்று. மரவள்ளியில், குறிப்பாகக் கசப்பு வகையில், லினமாரின் என்ற பொருள் உண்டு. கிழங்கை வெட்டும்போதும் நசுக்கும்போதும் அதிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படுகிறது. தோலை உரித்து, துண்டாக்கி, நீரில் ஊறவைத்து, நன்கு வேகவைத்து, வெந்த நீரைக் கொட்டிவிட வேண்டும் என்ற வழக்கம் ஆழ்ந்த அறிவு. நஞ்சில் ஒரு பகுதி நீரோடு போகிறது. ஒரு பகுதி ஆவியோடு போகிறது. சயனைடு என்ற பெயரைக் கேட்டறியாத பெண்களின் கைகள் அதை அகற்றத் தெரிந்திருந்தன.

பெரானாக்கான் சமூகத்தினரின் புகழ்பெற்ற புவா கெலுவாக் சமையலிலும் இதே அறிவைக் காணலாம். கெபாயாங் மரத்தின் கொட்டையாகிய அதுவும் சயனைடைத் தரக்கூடியது. கொட்டைகளை வேகவைத்து, சாம்பலும் வாழையிலையும் இட்டு மண்ணில் பல வாரங்கள் புதைத்து வைத்த பின்னரே அடுப்பில் ஏற்றுவார்கள். மலாய்மொழியில் காதலில் மயங்கிக் கிடப்பவரை ‘மாபோக் கெபாயாங்’ என்று கேலி செய்வதுண்டு. ஒரு மரத்தின் நஞ்சு மரபுத்தொடராகும் அளவுக்கு மக்கள் அதை அறிந்து வைத்திருந்தார்கள்.

அந்த அறிவு விடுபட்டுப்போன இடத்தில் என்ன நடக்கும் என்பதை 1988ஆம் ஆண்டு பேரா மாநிலம் கண்டது. ‘லோ சீ ஃபன்’ எனப்படும் அரிசி மீயை உண்ட குழந்தைகள் கல்லீரல் பாதிக்கப்பட்டு நோயுற்றனர். அவர்களில் 13 பேர் இறந்தனர். ஆய்வில் இரண்டு பொருள்கள் அகப்பட்டன. ஒன்று, அஃப்லாடாக்சின், வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் தானியத்தின்மீது வளரும் பூஞ்சை தானாகவே உண்டாக்கும் நஞ்சு. வழக்கமான சமையல் சூட்டில் அது அழிவதில்லை. மற்றொன்று, போரிக் அமிலம். மீ துவளாமல் இருக்கவும் விரைவில் கெடாமல் இருக்கவும் சிலர் சேர்க்கும் பொருள். இவற்றுள் முதலாவது யாரும் கலக்காமலே வந்தது. இரண்டாவது மனிதர் கலந்தது. அதன் மூலப்பொருளான போராக்சும் நிலத்திலிருந்து தோண்டி எடுக்கப்படும் கனிமம்தான். ‘இயற்கையானதா, செயற்கையானதா?’ என்ற கேள்வியைக் கேட்டு அந்தக் குழந்தைகளில் ஒருவரைக்கூடக் காப்பாற்றியிருக்க முடியாது. அரிசி எங்கே, எவ்வளவு காலம், எத்தகைய ஈரத்தில் வைக்கப்பட்டது? மாவில் என்ன, எவ்வளவு சேர்க்கப்பட்டது? இவற்றை உரிய நேரத்தில் யாராவது கேட்டிருக்க வேண்டும்.

‘அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு’ என்ற பழமொழியைப் பள்ளிக் கட்டுரைகளில் எழுதாத மாணவர் இல்லை. 16ஆம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவரும் ஏறத்தாழ இதையே மருத்துவத்தின் அடிப்படையாக வைத்தார். நச்சியல் துறை இன்றும் அவரை முன்னோடியாகக் கொள்கிறது. குழாய்நீரில் மிகச் சிறிதளவு குளோரின் கலப்பதால் வாந்திபேதி போன்ற நோய்கள் தடுக்கப்படுகின்றன. அதே குளோரின்தான் 1915 ஏப்ரல் 22ஆம் நாள், பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே போர்க்களத்தில் புகையாகத் திறந்துவிடப்பட்டுப் படைவீரர்களைக் கொன்றது.

இங்கேதான் மருமகளின் குளியலறைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. பிளீச்சில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். தனியாக, அளவாக, சன்னலைத் திறந்துவைத்துப் பயன்படுத்தினால் அது பயனுள்ள பொருள். கறை போகவில்லை என்று அதன்மேல் கழிப்பறை கழுவும் திரவத்தை ஊற்றினால் நிலைமை மாறிவிடும். அத்தகைய திரவங்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டு. இரண்டும் சேர்ந்த நொடியில் குளோரின் வாயு எழுகிறது. அது காற்றைவிடக் கனமானது. குனிந்து தரையைத் தேய்ப்பவரின் முகத்தருகேதான் தங்கும். கண் எரியும், மூச்சு முட்டும், நுரையீரல் புண்ணாகும். பூட்டிய சிறிய குளியலறையில் இது உயிருக்கே ஆபத்து. ‘கெமிக்கலுக்குப் பதில் இயற்கையான வினிகரைச் சேர்ப்போம்’ என்று எண்ணிப் பிளீச்சோடு வினிகரைக் கலப்பவருக்கும் இதே வாயுதான் கிடைக்கும். வினிகரும் அமிலமே, அது பழத்திலிருந்து வந்ததா, தொழிற்சாலையிலிருந்து வந்ததா என்று பிளீச் விசாரிப்பதில்லை. அமோனியா உள்ள தரைத் துடைப்பான் திரவத்தோடு கலந்தால் எழுவது வேறொரு நச்சு வாயு. நெடி ஏறியவுடன் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு வெளியேறி, நல்ல காற்றுக்கு வந்துவிட வேண்டும். சுத்தம் செய்ய மீண்டும் உள்ளே போவது கூடாது.

இரசாயனத்தைக் கண்டு மக்கள் அஞ்சுவதில் நியாயம் இல்லையா என்று சிலர் கேட்கலாம். நியாயம் உண்டு. தோட்டங்களில் ஆண்டுக்கணக்கில் பாராகுவாட் களைக்கொல்லியைத் தெளித்த தொழிலாளர்களில், தமிழ்ப் பெண்கள் பலர் உட்பட, நகம் கெட்டவர்களும் தோல் வெந்தவர்களும் இருந்தார்கள். ஒரு மிடறு உள்ளே போனாலும் உயிருக்கு உலை வைக்கும் பொருள் அது. அதற்கு முறிவு மருந்தும் இல்லை. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின், 2020 சனவரி முதல் நாள் தொடங்கி மலேசியாவில் அது முற்றாகத் தடைசெய்யப்பட்டது. ஆனால், அந்தத் தடை எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ‘இரசாயனமே வேண்டாம்’ என்று பொதுவாகக் கூக்குரலிட்டு எதையும் தடைசெய்ய முடிவதில்லை. இந்தப் பெயருள்ள பொருள், இந்த வழியாக உடலில் புகுந்து, இந்த உறுப்பைக் கெடுக்கிறது என்று சான்றுகளோடு பேசியவர்களின் உழைப்பே அதற்கு வழிவகுத்தது. பெயர் தெரியாத அச்சம் வணிகருக்கு மட்டுமே பயன்படும். சட்டம் எழுதுபவருக்குப் பொருளின் பெயர் வேண்டும்.

வீட்டிலும் பெயர் வேண்டும். இந்நாட்டுக் கடைகளில் விற்கப்படும் துப்புரவுப் பொருள்களின் எச்சரிக்கைகள் பெரும்பாலும் மலாய்மொழியிலும் ஆங்கிலத்திலும், அதுவும் போத்தலின் பின்புறம் மிகச் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த பாட்டிக்கு அது வெறும் கோலம். படிக்கத் தெரிந்த பிள்ளைகளோ முன்புறத்தில் உள்ள பூப்படத்தைப் பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள். பெரிய கலனில் வாங்கிய பிளீச்சையோ மண்ணெண்ணெயையோ பழைய பானப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம் வேறு. அப்போது படிப்பதற்கு எச்சரிக்கையே இருக்காது. தாகத்தோடு ஓடிவரும் நான்கு வயதுக் குழந்தைக்கு அது வெறும் தண்ணீர்ப் போத்தல். அப்படி ஏதேனும் நேர்ந்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அரித்த பொருள் திரும்பி வரும் வழியில் தொண்டையை இரண்டாம் முறை அரிக்கும். போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். மருத்துவர் முதலில் கேட்கப்போவது, குழந்தை குடித்தது என்ன, எவ்வளவு என்பதைத்தான்.

மூன்று மொழிகளைப் படிக்கும் இடைநிலைப்பள்ளி மாணவர் ஒருவர் வீட்டில் இருந்தால், இதற்கெல்லாம் ஒரு மாலைப்பொழுது போதும். சமையலறைத் தொட்டியின் கீழுள்ள போத்தல்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பின்புறத்தைப் படிக்கலாம். பானப் போத்தலில் இருப்பதை அதன் சொந்தக் கலனுக்கு மாற்றிவிட்டு, காலிப் போத்தலை எறிந்துவிடலாம். பின்னர் ஒரு வெள்ளை ஒட்டுத்தாளில், பாட்டி கண்ணாடி போடாமலே படிக்கும் அளவுக்குப் பெரிதாக எழுதி ஒட்டலாம்: ‘பிளீச். அமிலத்தோடு கலக்கக் கூடாது. புளியோடும்தான்.’